700 டாலருக்கு 'டெசர்ட் ஈகல்' கிடைக்குமா? அமெரிக்காவில் பெரிய கைத்துப்பாக்கி வாங்குவோர் எதைப் பார்க்கிறார்கள்?

'கவுன்டர்-ஸ்டிரைக்' ஆடியவர்களுக்கு டெசர்ட் ஈகலைத் தெரியாமல் இருக்காது. கையில் 700 டாலர் சேர்ந்தால் வாங்கிவிடலாம். 7 குண்டு. குறி சரியாக இருந்தால் ஒன்றே போதும்.

அது விளையாட்டு. நிஜத்தில் அமெரிக்கக் கடைகளில் அந்தத் துப்பாக்கியின் விலை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். எடை சுமார் 2 கிலோகிராம். ஒரு கையில் தூக்கிப் பிடித்துச் சுடுவதெல்லாம் படத்தில்தான் சுலபம்.

அப்போ, 500 முதல் 700 டாலரை வைத்துக்கொண்டு பெரிய கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் சாதாரண அமெரிக்கர் எதை வாங்குகிறார்? எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

சிங்கப்பூரில் நாம் அப்படிக் கடைக்குப் போய் வாங்க முடியாது. ஆனால் படிப்பு, வேலை என்று அமெரிக்கா செல்லும் நம் இளையர்கள் பலர். அங்கே அறைத்தோழரின் அலமாரியில் ஒன்று இருக்கலாம். நண்பர்கள் "வா, சுட்டுப் பார்க்கலாம்" என்று கூப்பிடலாம். விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், 'செமி-ஆட்டோமேட்டிக்' என்றால் என்ன?

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். சுட்ட வேகத்திலேயே துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். மறுபடி சுட, மறுபடி விசையை இழுக்க வேண்டும்.

விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது முழுத் தானியங்கித் துப்பாக்கி. அது வேறு வகை. அமெரிக்காவிலும் அதற்குக் கட்டுப்பாடு மிகக் கடுமை.

.45, 9 மிமீ... இந்த எண்கள் எதைச் சொல்கின்றன?

குண்டின் விட்டத்தை. அவ்வளவுதான்.

.45 என்றால் ஓர் அங்குலத்தில் 100இல் 45 பங்கு. அதாவது சுமார் 11.5 மில்லிமீட்டர். .50 என்றால் அரை அங்குலம். டெசர்ட் ஈகலின் பெரிய வகை அது. உலகில் மிகப் பரவலாக இருக்கும் 9 மிமீ, பெயரிலேயே அளவைச் சொல்கிறது.

எண் பெரிதானால் வலிமையும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் குழப்பம்.

தேசிய சேவை செய்தவர்களுக்கு எஸ்ஏஆர் 21 துப்பாக்கி நன்றாகத் தெரியும். அதன் குண்டு 5.56 மில்லிமீட்டர்தான். .45 குண்டின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. ஆனால் அது பாயும் வேகம் மிக அதிகம். அதனால் அதன் ஆற்றல் .45 குண்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. எடையும் வேகமும் சேர்ந்துதான் ஆற்றல்.

.45இன் கதை நம் வட்டாரத்தில் தொடங்கியது

1900களின் தொடக்கம். பிலிப்பீன்ஸை அமெரிக்கா ஆண்ட காலம். தெற்கில் மோரோ மக்களுடன் நடந்த சண்டையில், தங்கள் .38 ரிவால்வர் குண்டுபட்ட பிறகும் எதிரிகள் நிற்காமல் முன்னேறி வருவதாக அமெரிக்க வீரர்கள் புகார் செய்தனர்.

1904இல் அமெரிக்க ராணுவம் சோதனை நடத்தியது. சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் இருந்த மாடுகளையும், மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். அடுத்த கைத்துப்பாக்கி .45க்குக் குறையக்கூடாது என்பது முடிவு. இன்றைய அறிவியல் அளவுகோலில் அது உறுதியான சோதனை இல்லை. ஆனால் அந்த முடிவு பல பத்தாண்டுகளுக்கு நிலைத்தது.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை 1911இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அதன் பெயர் எம்1911. 1985இல் 9 மிமீ பெரெட்டா வரும்வரை அமெரிக்க வீரர்களின் இடுப்பில் இருந்தது அதுதான்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. இன்று அமெரிக்காவில் குறைந்த விலைக்கு விற்கும் 1911 வகைத் துப்பாக்கிகளில் பல, மணிலாவை ஒட்டிய மரிக்கினா நகரில் தயாராகின்றன. 'ராக் ஐலண்ட் ஆர்மரி' என்ற பெயரில் அவற்றை விற்பது பிலிப்பீன்ஸின் ஆர்ம்ஸ்கோர் நிறுவனம். எந்த மண்ணில் நடந்த சண்டையால் .45 பிறந்ததோ, அந்த நாடே இன்று அதைச் செய்து அமெரிக்கர்களுக்கு அனுப்புகிறது.

பெரிய குண்டுதான் நல்லதா? எஃப்பிஐ என்ன சொன்னது?

1986இல் மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் 2 பேர் மாண்டனர். 5 பேர் காயமடைந்தனர். ஒரு கொள்ளையரைத் தாக்கிய 9 மிமீ குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்பது பின்னர் தெரியவந்தது.

"குண்டு போதவில்லை" என்று முடிவுசெய்த எஃப்பிஐ, அதைவிட வலிமையான 10 மிமீ தோட்டாவுக்கு மாறியது. அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. பிறகு .40 வந்தது. அமெரிக்கக் காவல்துறைகள் பலவும் பின்தொடர்ந்தன.

2014இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு 9 மிமீக்கே திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. காரணங்கள் எளிமையானவை:

- நவீன 9 மிமீ குண்டுகள் முன்பைவிட மேம்பட்டுவிட்டன. ஏற்படுத்தும் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.
- உதை குறைவு. அதனால் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள்.
- ஒரே அளவு மேகசினில் அதிகத் தோட்டாக்கள் பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான .45 குண்டு சுமார் 15 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 255 மீட்டர் வேகத்தில் பாயும். வழக்கமான 9 மிமீ குண்டு சுமார் 7.5 கிராம், வேகம் ஏறக்குறைய 350 மீட்டர். இரண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 450 முதல் 500 ஜூல்.

ஆனால் கையைத் தள்ளும் உந்தத்தில் .45, 9 மிமீயைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உயர்நிலைப் பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான்.

அப்படியென்றால் ஏன் இன்னும் .45 வாங்குகிறார்கள்?

காரணங்கள் இருக்கின்றன.

1911 மீது அமெரிக்கர்களுக்கு இருக்கும் பாசம் ஒன்று. தாத்தா போரில் வைத்திருந்தது, அப்பா போட்டியில் சுட்டது என்று குடும்பக் கதைகள் உண்டு.

.45 குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டுவதில்லை. அதனால் ஒலிகுறைப்பான் பொருத்தினால் சத்தம் நன்றாகக் குறையும். சட்டப்படி அதை வாங்க அனுமதி உள்ள மாநிலங்களில் இது ஒரு காரணம்.

கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அங்கே "9 மிமீயில் அதிகம் பிடிக்கும்" என்ற வாதம் பலமிழந்துவிடுகிறது.

அலாஸ்கா போன்ற இடங்களில் கரடிக்குப் பயந்து பெரிய தோட்டா வாங்குவோரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் .45ஐ விட்டுவிட்டு 10 மிமீயைத் தேடுகிறார்கள்.

500-700 டாலருக்குள் என்னென்ன கிடைக்கும்?

விலை மாநிலத்துக்கு மாநிலம், கடைக்குக் கடை மாறும். வரி தனி. ஏறக்குறைய நிலவரம் இது:

- சுமார் 200 டாலர்: ஹை-பாயிண்ட். ஒஹாயோவில் தயாராவது. மலிவான உலோகக் கலவையில் செய்ததால் மேல்பகுதி கனமாக, பருமனாக இருக்கும். சுடும், அழகை எதிர்பார்க்கக்கூடாது.
- சுமார் 400-550 டாலர்: துருக்கியிலும் பிலிப்பீன்ஸிலும் தயாராகும் 1911 வகை. எஃகு. ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். மேகசினில் 7 அல்லது 8 தோட்டா.
- சுமார் 550-700 டாலர்: குளோக் 21 போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்டவை. 1911ஐவிட எடை குறைவு. மேகசினில் 13 தோட்டா. ஆனால் பிடி அகலம். சிறிய கை உள்ளவர்களுக்கு எட்டாது.
- பழையது: காவல்துறைகள் 9 மிமீக்கு மாறியபோது கழித்த .40 துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தன. நல்ல நிறுவனத் தயாரிப்பு, குறைந்த விலை. பெரும்பாலும் இடுப்பு உறையிலேயே கிடந்தவை என்பதால் வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும். உள்ளே தேய்மானம் குறைவு.

கடையில் எதைப் பார்க்கிறார்கள்?

அனுபவம் உள்ளவர்கள் காலிபரைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

முதலில் கை. பிடியை முழுக்கச் சுற்றிப் பிடிக்க முடிகிறதா? ஆள்காட்டி விரலின் நுனி, சிரமப்படாமல் விசைக்கு எட்டுகிறதா? மேல்பகுதியைப் பின்னால் இழுக்கப் பலம் போதுமா? இதற்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். யூடியூபில் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

அடுத்தது, பாதுகாப்புப் பூட்டு. 1911இல் கட்டைவிரலால் இறக்க வேண்டிய பூட்டு இருக்கிறது. குளோக்கில் அப்படி வெளிப்பூட்டு இல்லை, விசையிலேயே உள்ளது. பதற்றத்தில் பூட்டை இறக்க மறப்பவருக்கு ஒன்று ஆகாது. விரலை விசைமேல் வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு மற்றொன்று ஆகவே ஆகாது.

மூன்றாவது, உதிரிப் பாகமும் மேகசினும் எளிதாகக் கிடைக்கின்றனவா என்பது.

எல்லாவற்றுக்கும் மேல், வாங்குமுன் சுட்டுப் பார்ப்பது. அமெரிக்காவின் பல சுடுதளங்களில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கும். .45 வாங்க வந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு 9 மிமீயோடு வீடு திரும்புவது அங்கே புதிதல்ல.

விலைப்பட்டையில் இல்லாத செலவு

கார் வாங்குவது மாதிரிதான். வாங்கும் விலை ஆரம்பம் மட்டுமே.

.45 தோட்டா ஒன்று ஏறக்குறைய 45 காசு. 9 மிமீ ஏறக்குறைய 25 காசு. பழக 1,000 தோட்டா சுட்டால், .45க்குச் சுமார் 450 டாலர். 9 மிமீக்குச் சுமார் 250 டாலர். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தது தோட்டாவில் போய்விடும்.

அதோடு பயிற்சி வகுப்பு, காதுக்கவசம், கண்ணாடி, இடுப்பு உறை, பூட்டுப் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் 550 டாலர் துப்பாக்கியின் முதலாண்டுச் செலவு 1,200 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

காசு போதாதபோது பலர் வெட்டுவது எதைத் தெரியுமா? பயிற்சியையும் பூட்டுப் பெட்டியையும். இரண்டுமே உயிரோடு தொடர்புடையவை.

காசு இருந்தால் யாரும் வாங்கலாமா?

இல்லை.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சொந்த மாநிலத்தில்தான் வாங்க முடியும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் பின்னணியைச் சரிபார்ப்பார். 1998இலிருந்து எஃப்பிஐ நடத்தும் கட்டமைப்பு அதற்கு உதவுகிறது. கலிஃபோர்னியாவில் அதன் பிறகும் 10 நாள் காத்திருக்க வேண்டும்.

தனிநபர்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்குப் பல மாநிலங்களில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. அமெரிக்காவில் ஓயாமல் நடக்கும் விவாதங்களில் அதுவும் ஒன்று.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர் சொன்னார் என்று எதையும் செய்துவிடக்கூடாது. சட்டம் தெரிந்தவரிடம் கேட்பது அவசியம்.

இன்னொன்று, வாங்கத் தடையுள்ள ஒருவருக்காக வேறொருவர் தன் பெயரில் வாங்கித் தருவது கடுங்குற்றம். 2022இல் வந்த சட்டத்தின்கீழ் 15 ஆண்டுவரை சிறை.

வீட்டில் ஒன்று இருந்தால் பாதுகாப்பா?

பெரும்பாலோர் சொல்லும் காரணம் அதுதான்: "குடும்பத்தைக் காப்பாற்ற." அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. காவல்துறை வந்துசேர அரை மணி நேரம் ஆகும் ஊர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு.

ஆனால் எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்.

ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இன்னும் அதிர்ச்சி தரும். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிடத் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் சாத்தியம் 8 மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு.

துப்பாக்கி மனச்சோர்வைக் கொண்டுவருவதில்லை. ஆனால் மனம் உடைந்த ஒரு கணத்தில் அது எட்டும் தூரத்தில் இருந்தால், மனம் மாறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதற்கு .45 தேவையில்லை. எந்தக் காலிபரும் போதும்.

அதனால்தான் அங்கே பயிற்சி தருவோர் பலர் வலியுறுத்துவது: தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள், சாவி யாரிடம் என்பதைக் கவனியுங்கள், வீட்டில் யாராவது மனவேதனையில் இருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வெளியே கொடுத்து வையுங்கள். அறைத்தோழரிடம் துப்பாக்கி இருந்தால் "எங்கே வச்சிருக்கே, பூட்டியிருக்கா?" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சிங்கப்பூரில் சட்டம் எப்படி?

அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும், மரண தண்டனை. 1973இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டம் அது.

மலேசியாவிலும் விளையாட முடியாது. அனுமதியில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம்.

2021இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்யும் மின்னிலக்க வரைபடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அனுமதியில்லாமல் அந்தக் கோப்பை வைத்திருப்பதே குற்றம். "சும்மா டவுன்லோடு செஞ்சு பார்த்தேன்" என்ற பதில் எடுபடாது.

சுற்றுலா போனால்?

லாஸ் வேகஸ், பேங்காக் போன்ற இடங்களில் சுற்றுப்பயணிகளுக்கான சுடுதளங்கள் உண்டு. அனுபவமில்லாதவர் கையில் பெரிய காலிபர் ஆபத்து. உதையில் துப்பாக்கி மேலே தூக்கும்போது, பதற்றத்தில் விரல் மறுபடி விசையை இழுத்துவிடலாம். முதல்முறை என்றால் .22 போன்ற சிறிய காலிபரைக் கேளுங்கள். ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியிலேயே .22தான். பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் நிற்காத இடத்தில் சுடவே வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம். சுட்ட காலிக் கூட்டை, தோட்டா மாதிரி செய்த சாவிக்கொத்தை, விளையாட்டு ஏர்சாஃப்ட் துப்பாக்கியை நினைவுப்பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சாங்கியில் வந்து இறங்கும்போது அது நினைவுப்பொருளாகப் பார்க்கப்படாது. விசாரணை வரை போகலாம். தேசிய சேவையில் சுடும் பயிற்சி முடிந்ததும் வரிசையாக நின்று, தோட்டாவோ காலிக் கூடோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க அறிவித்தது ஞாபகம் இருக்கும். அதே விதியை விமான நிலையத்திலும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடும் விளையாட்டில் உண்மையான ஆர்வம் இருந்தால், சிங்கப்பூரிலேயே அனுமதி பெற்ற துப்பாக்கிச் சுடும் சங்கங்கள் வழியாக முறையாகக் கற்கலாம்.

சுருக்கமாக...

- காலிபர் என்பது குண்டின் விட்டம். வலிமைக்கு அது மட்டும் அளவுகோல் இல்லை.
- .45, 9 மிமீ இரண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்று. உதையில்தான் பெரிய வேறுபாடு.
- 550 டாலர் துப்பாக்கியின் முதலாண்டுச் செலவு அதைப் போல் இரு மடங்கைத் தாண்டலாம்.
- அமெரிக்காவில் தற்காலிக விசாவில் இருப்போருக்குப் பொதுவாகத் தடை.
- சிங்கப்பூருக்கு ஒரு காலிக் கூட்டைக்கூடக் கொண்டுவராதீர்கள்.

*மனம் பாரமாக இருந்தால், பேச ஆள் தேவைப்பட்டால், சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.*